சென்னையில் எங்கே குடியிருப்பது?

ஒரே ஊருக்குள் வீடு மாற்றுவது ஒரு நாள் வேலை. குடும்பத்தோடு ஊர் மாற்றுவது ஓராண்டு வேலை. முன்னதில் பாத்திரம் பண்டங்களும் கட்டில் பீரோவும் வண்டியேறினால் போதும். பின்னதில் பால்காரர், மருந்துக் கடை, பள்ளிக்கூடம், பேச்சுத்துணை, பழகிய தண்ணீரின் சுவை ஆகிய அனைத்தும் பின்தங்கிவிடுகின்றன. அவற்றைப் புதிய ஊரில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மாற்றல் உத்தரவு கைக்கு வந்த குடும்பத் தலைவர் முதலில் கேட்பது, வாடகை எவ்வளவு என்பது. அடுத்து, வேலைக்குப் போகும் தொலைவு, மூன்றாவதாகப் பள்ளிக்கூடம். இம்மூன்றும் நியாயமான கேள்விகளே. நான்காவது ஒன்றும் உண்டு. அதைக் கேட்பவர் சிலரே. பகல் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் யார்?

நமக்கு நெடுநாள் அறிமுகமான தூத்துக்குடிக் குடும்பம் ஒன்றிற்காக, சென்ற ஆண்டு மே மாதத்தில், இக்கேள்வியோடு சென்னை மாநகரைச் சுற்றிவர நேர்ந்தது. குடும்பத் தலைவர் ஓர் இயந்திரத் தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர். 1958இல் தொடங்கப்பெற்ற கிண்டித் தொழிற்பேட்டையில் உள்ள கிளைக்கு அவரை மாற்றியிருந்தனர். மனைவி, ஏழாம் வகுப்பு முடித்த மகள், நான்காம் வகுப்பு முடித்த மகன், எழுபத்திரண்டு வயதான தாயார் என வீட்டில் ஐவர். சென்னையில் சில ஆண்டுகள் பணிபுரிந்த பழக்கம் நமக்கு உண்டு என்பதால் வழிகாட்ட அழைத்தனர். தாயாரையும் உடன் அழைத்து வரும்படி சொன்னோம். “வெயிலில் அலைகிற வேலைக்கு அம்மா எதற்கு, சாமி?” என்றார் அவர். நாள் முழுதும் வீட்டிலிருக்கப் போகிறவர் அவர்தாமே என்றோம்.

நம் நாட்டில் குடும்பங்கள் ஊர் மாறுவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். தேர்வுகள் முடிந்திருக்கும், ஜூனில் பள்ளி திறக்குமுன் இடம்பிடிக்க வேண்டும். ஆனால் சென்னைக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. ஆகவே மே மாதத்தில் வீடு பார்ப்பவர் இந்நகரின் ஒரு முகத்தை மட்டுமே காண்கிறார். எந்தத் தெருவில் தண்ணீர் வற்றும் என்பதை அம்மாதம் ஒளிக்காமல் காட்டிவிடும்; எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதை முற்றிலும் மறைத்துவிடும். முன்னதைக் கண்ணால் பார்க்கலாம். பின்னதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

சென்னை தட்டையான நிலம். வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு. கடற்கரைக்கு இணையாக வடக்குத் தெற்காகப் பக்கிங்காம் கால்வாய். இவற்றினிடையே ஏரிகளும் தாங்கல்களும் ஒரு காலத்தில் சங்கிலிபோல் கோத்துக் கிடந்தன. ஒன்று நிறைந்து வழிந்தால் அடுத்தது வாங்கிக்கொள்ளும். நகரம் பெருகப் பெருக அவற்றுள் பல தூர்ந்து மனைகளாயின. இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த தியாகராயநகரே, 1920களில் நீண்டதோர் ஏரியைத் தூர்த்து அமைத்த குடியிருப்பு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரியைத்தான் காணோம். நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியாவிலும் அதே நிலை. பழவந்தாங்கல் என்ற பெயரில் தாங்கல் ஒளிந்திருக்கிறது. தாங்கல் என்பது சிற்றேரி. இத்தகைய பெயர்கள் நிலத்தின் பழைய பட்டயங்கள் எனலாம். அதற்காகப் பெயரைக் கேட்டதும் அஞ்சி ஓட வேண்டியதில்லை. ஒரே பேட்டையில் ஒரு தெரு மேடாகவும் அடுத்த தெரு பள்ளமாகவும் இருக்கும். நடந்து பார்த்தவருக்கே அது விளங்கும்.

முதல் நாள் வேளச்சேரிக்குச் சென்றோம். கிண்டிக்கு மிக அண்மை. இருசக்கர வண்டியில் கால்மணி, இருபது நிமிடம். கடற்கரை நிலையத்திலிருந்து வரும் பறக்கும் இரயில் 2007 முதல் வேளச்சேரியை எட்டியிருக்கிறது. கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. தரகர் காட்டியது நான்காம் மாடியில் ஒரு வீடு: இரண்டு படுக்கையறை, பளபளக்கும் தரை, மின்தூக்கி. பிள்ளைகள் மின்தூக்கியில் மூன்று முறை ஏறி இறங்கினர். மகனுக்கும் மருமகளுக்கும் மனம் நிறைந்துவிட்டது. தாயார் மட்டும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். “இங்க யாருகூடப் பேசுறது?” என்றார். அம்மாடியில் இருந்த மற்ற மூன்று கதவுகளும் சாத்தியே கிடந்தன.

கீழே வந்து தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தோம். தெருவின் வரலாற்றை அறிய அவரைவிடச் சிறந்த ஆள் கிடையாது. நாள் முழுதும் தெருவிலேயே நிற்பவர். வீடு வாடகைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவருக்கு இலாப நட்டமில்லை. 2015 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டோம். அவர் விடை கூறாமல் தம் மார்பளவிற்குக் கையை உயர்த்திக் காட்டினார்.

வேளச்சேரி ஏரி பழைய பரப்பில் சிறு பகுதியே எஞ்சி நிற்கிறது. சுற்றுவட்டார நீரெல்லாம் சென்று சேர வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் கட்டடங்களாலும் சாலைகளாலும் குப்பைக் கிடங்காலும் குறுகிப்போயிற்று. எஞ்சியதில் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் பரப்பு 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் நீரில் நின்றன. “நாலாம் மாடிக்கு வெள்ளம் ஏறாதே, சாமி” என்றார் நம் அன்பர். உண்மைதான். ஆனால் தெருவில் வெள்ளம் நிற்கும்போது மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மின்தூக்கி நிற்கும், மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும் நிற்கும். கால் வலியுள்ள மூதாட்டி ஒருவர் எட்டுப் படிக்கட்டு வரிசைகளுக்கு மேலே சிறைப்பட்டிருப்பார்.

இரண்டாம் நாள் தெற்கே சென்றோம். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931 முதல் மின்சார இரயில் ஓடுகிறது. இந்நகரின் நடுத்தரக் குடும்பங்கள் தெற்கே பரவியது இத்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டுதான். பெருங்களத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் முடிச்சூர்ப் பக்கம் போனோம். தனி வீடு, முன்புறம் முருங்கை, பின்புறம் கிணறு. மே மாதத்திலும் கிணற்றில் நீர் இருந்தது; அள்ளிக் குடித்துப் பார்த்தோம், உவர்ப்பில்லை. வாடகையோ வேளச்சேரியில் கேட்டதில் பாதி. இதையே முடித்துவிடலாம் என்று அன்பர் முன்பணத்திற்குக் கைவைத்தார்.

வீட்டு உரிமையாளர் நேர்மையான மனிதர். பக்கத்து மனையின் மதிற்சுவரில் காவி நிறத்தில் ஓடிய கோடொன்றைத் தாமே சுட்டிக்காட்டினார். அது 2015 வெள்ளம் விட்டுச்சென்ற அடையாளம். அடையாறு அங்கிருந்து தொலைவில் இல்லை. அவ்வாண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி மக்களைப் படகில் மீட்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஆற்றை அகலப்படுத்தும் பணிகள் நடந்தன என்றும், தாம் வீட்டுத் தளத்தை உயர்த்தியிருப்பதாகவும் அவர் சொன்னார். எனினும் முன்பணம் வாங்குமுன் இதைச் சொல்வது தம் கடமை என்றார். அத்தகையவர் எல்லாத் தெருவிலும் கிடைக்கமாட்டார்.

வெள்ளம் ஒருபுறமிருக்க, காலக்கணக்கும் உண்டு. வீட்டிலிருந்து நிலையத்திற்கு ஷேர் ஆட்டோ, பிறகு காத்திருப்பு, பிறகு இரயில், கிண்டியில் இறங்கித் தொழிற்கூடம்வரை நடை: கூட்டிப் பார்த்தால் ஒன்றேகால் மணி. போக வர இரண்டரை மணி. மாதத்தில் இருபத்தைந்து வேலை நாள் என்றால் இரண்டரைப் பகலிரவுக்கு மேல் வழியிலேயே கழியும். சீசன் சீட்டு மலிவாயிருக்கலாம். அந்த அறுபது மணி நேரத்திற்கு விலை போடுவார் யார்? பிள்ளைகள் விரும்பிய பள்ளியும் தாம்பரத்தில் இருந்தது. மழைக்கால மாலைகளில் அவர்களை அழைத்துவரும் பொறுப்பு முழுவதும் தாயின் தலையில் விழும்.

அன்று மாலை திரும்பும் வழியில் நங்கநல்லூரையும் பார்த்தோம். கோயில்களும் முதியோரும் நிறைந்த அமைதியான பேட்டை. கிண்டி மிக அருகில். குறை சொல்ல ஒன்றுமில்லை, வாடகையைத் தவிர. அது அன்பரின் சம்பளத்தில் பாதியைத் தொட்டது. பாதிச் சம்பளம் வாடகைக்குப் போகும் வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலும் கடன்தான் கதவைத் தட்டும்.

மாமல்லபுரச் சாலை எனப்படும் இராஜீவ் காந்தி சாலையைப் பற்றியும் அன்பர் கேட்டார். 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் அச்சாலையில் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் எழும்பின. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அவ்வேகத்தில் எழும்பவில்லை. நெடுங்காலம் பல குடியிருப்புகள் தண்ணீர் லாரிகளை நம்பியே வாழ்ந்தன. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோனதையும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர் வீதம் இரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததையும் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அக்கோடையில் லாரியை நம்பிய குடும்பங்கள் பட்ட பாடு சிறிதன்று. மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கேட்காமல் அடுக்குமாடி வாடகையை ஒப்புக்கொள்வது தகாது.

மூன்றாம் நாள் காலையில் தாயார் மெல்லச் சொன்னார்: “சாமி, எங்க சின்னம்மா மக இராயபுரத்துலதான இருக்கா, அங்க ஏன் பார்க்கல?” மகன் முகத்தைச் சுளித்தார். வடசென்னை என்றாலே அடிதடியும் அழுக்கும் என்பது திரைப்படங்கள் பலர் மனத்தில் பதித்த எண்ணம். ஆனால் இம்மாநகர் பிறந்து வளர்ந்த தொட்டில் அப்பக்கந்தான். தென்னாட்டின் முதல் இரயில் 1856இல் புறப்பட்டது இராயபுரம் நிலையத்திலிருந்து. அந்நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. துறைமுகம் ஒருபுறம், காசிமேட்டு மீன்பிடித் துறை மறுபுறம். இந்தப் பட்டணத்தின் சுமையைத் தூக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

தாயாரின் சொல்லைத் தட்ட மாட்டாமல் மகனும் வந்தார். தங்கை முறையான அந்த அம்மையாரின் தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு போர்ஷன் காலியாயிருந்தது. இரண்டு சிறிய அறைகள், சமையற்கட்டு, பின்கட்டில் அடிபம்பு. தெருவிலிருந்து நான்கு படி ஏறித்தான் வீட்டிற்குள் நுழைய வேண்டும். அந்நான்கு படிகளையே நாம் முதலில் எண்ணினோம். சாலையைத் தோண்டாமல் மேலுக்கு மேல் தார் ஊற்றி உயர்த்திக்கொண்டே போவதால், பழைய வீடுகள் பல தெருமட்டத்திற்குக் கீழே அமிழ்ந்துகிடக்கின்றன. இவ்வீட்டைக் கட்டியவர் தொலைநோக்குள்ளவர்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் புழுதியும் பெருஞ்சாலையில் ஓய்வதில்லை. அறைகள் சிறியவை, காற்று போதாது. அடிபம்பில் வரும் நீர் உவர். துவைக்கவும் கழுவவும் உதவும், குடிக்க உதவாது. குடிநீர் குழாயில் வருகிறது; வரும் வேளையில் விழித்திருந்து பிடிக்க வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவில் தொடங்கியபின் வடசென்னைக் குழாய்களின் நிலை முன்னிலும் தேறியது என்று தெருவினர் கூறினர். பெருமழையில் சுரங்கப்பாதை நிறைந்து வழி அடைபடும் என்பதையும் அவர்கள் ஒளிக்கவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் தாயாரைக் காணோம். தெருமுனையில் மீன்கூடைக்கு முன்னே குந்தியிருந்தார். அவர் சாளை என்று கேட்டதை மீன்காரி கவலை என்றார். “எங்க ஊர்ல சாளை, இங்க வந்தா கவலையா?” என்று தாயார் சொல்லவும் அங்கிருந்த பெண்கள் அனைவரும் சிரித்துவிட்டனர். மூன்று நாளில் அவர் சிரித்ததை அப்போதுதான் கண்டோம். பத்து நிமிடத்திற்குள் பக்கத்து வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரமாகும், எந்த மருந்துக் கடை இரவில் திறந்திருக்கும், எந்தப் பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்தே போகலாம் என்னும் விவரங்கள் கேளாமலே வந்து சேர்ந்தன.

எஞ்சிய கேள்வி, கிண்டி எவ்வளவு தொலைவு என்பது. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் செல்லும் மெட்ரோ இரயில் 2021 பிப்ரவரி முதல் ஒரே தொடராக ஓடுகிறது. இராயபுரத்திற்கு அண்மையில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். அன்பரும் நாமும் அன்றே சென்று பார்த்தோம். வண்டியில் முக்கால் மணிக்குள். இருபுற நடையும் சேர்ந்து ஒரு மணிக்குச் சற்று மேல். வேளச்சேரியிலிருந்து செல்வதைவிட நான்கு மடங்கு. பயணச் செலவும் கூடுதலே. அன்பர் மீண்டும் வேளச்சேரிப் பேச்சை எடுத்தார்.

அதுவரை பேசாதிருந்த மருமகள் அப்போது சொன்னார்: “அவங்களுக்கு வழியில ரெண்டு மணி நேரம், சாமி. எங்க நாலு பேருக்கு நாள் முழுக்க வீடு. எனக்கும் ஒரு வேலை கிடைச்சா, அத்தையை அந்த நாலாம் மாடியில தனியா விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?” அன்பர் அன்றிரவு முழுவதும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் முன்பணத்தோடு இராயபுரத்திற்குப் புறப்பட்டார்.

முன்பணத்தைப் பற்றி ஒரு சொல். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் ஊறிய வழக்கம். இவ்வீட்டுக்காரரும் அவ்வாறே கேட்டார். ஆனால் 2017இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் அதனைப் பதியவும் வேண்டும். இதனைப் பணிவோடு எடுத்துச் சொல்ல, ஐந்து மாதத்திற்கு அவர் இணங்கினார். தூத்துக்குடியில் விற்காமல் வைத்திருந்த நகைகள் அவ்வாறே பெட்டியில் தங்கின.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அத்தெரு வழியே செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. ஓரிரவு பெய்த கனமழையில் தெருவில் கணுக்காலளவு நீர் நின்றதாம். இரண்டாம் படியைத் தொடவில்லையாம். மகனுக்கு லாரிப் புழுதியால் இருமல் வந்து, சன்னல்களுக்கு வலை அடித்திருந்தார்கள். மகளுக்குத் தூத்துக்குடித் தோழியர் நினைவு இன்னும் தீரவில்லை. அன்பருக்கு மாலையில் மெட்ரோவில் நின்றுகொண்டே வருவது சலிப்பாயிருக்கிறது. மருமகள் ஒரு தையற்கூடத்தில் வேலைக்குச் செல்கிறார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது பாட்டி படியில் அமர்ந்திருக்கிறார். அருகே தெருப் பெண்கள் நால்வர். ஒப்பந்தத்தை இன்னும் பதினொரு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். சொந்த வீடு வாங்கும் பேச்சை இன்னொரு மழை பார்த்தபின் எடுக்கலாம் என்று வைத்துவிட்டனர்.

எல்லாக் குடும்பமும் இராயபுரத்திற்குச் செல்ல வேண்டும் என்பது நம் கருத்தன்று. கைக்குழந்தையோடு கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்திற்கு வேலையிடத்தின் அண்மையே முதன்மையாகலாம். மூச்சிரைப்பு நோயாளி இருக்கும் வீட்டிற்கு லாரிச் சாலை ஆகாது. சென்னையில் குடியேறப் போகும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. வீட்டில் நெடுநேரம் இருக்கப்போகிறவரை உடன் அழைத்துச் சென்று, கடைசியில் அவர் சொல்லையும் கேளுங்கள். தெருவைக் காலையில் ஒருமுறை, பள்ளி விடும் வேளையில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை பாருங்கள். குழாயில் நீர் வரும் நேரத்தையும், 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதையும் தரகரை விடுத்துத் தெருவினரிடம் கேளுங்கள். வாசற்படிகளை எண்ணுங்கள். வாடகைக்கு இருந்து ஒரு கோடையும் ஒரு கார்த்திகையும் கண்ட பிறகே சொந்த வீட்டிற்குக் கையெழுத்திடுங்கள். அதுவரை வங்கியில் கிடக்கும் பணம் எங்கும் ஓடிவிடாது. பள்ளத்தில் வாங்கிய வீட்டையோ பின்னர் தூக்கி மேட்டில் வைக்க இயலாது.